அறை விட்டதைப் பெட்டி ஏற்றது: ஹப்சிகுடாவின் கணினி வெப்பக் கதை

ஹைதராபாத்தில் தார்னாகாவிலிருந்து உப்பலுக்குப் போகும் சாலையில், ஹப்சிகுடாவை ஒட்டி நாட்டின் பெரிய ஆய்வுக்கூடங்கள் வரிசையாக வருகின்றன. நிஜாம் ஆட்சியில் 1944-ல் தொடங்கி இன்று இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனமாக இருப்பது, 1958-ல் குன்னூரிலிருந்து இங்கே வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1961-ல் தோன்றிய தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், 1987-ல் ராஜீவ் காந்தி வளாகம் திறந்துவைத்த உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம் என்று பட்டியல் நீளும். வடக்கே சில கிலோமீட்டர் போனால் இந்தியாவின் தொடக்ககாலக் கணினிகளைச் செய்த எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன். இந்த மதில்களுக்குப் பின்னால் உள்ள தெருக்களிலோ அடுக்குமாடி வீடுகளும் டியூஷன் சென்டர்களும் ஜெராக்ஸ், டி.டி.பி. கடைகளும் இருக்கின்றன. கணினி இந்த இரு பக்கத்துக்கும் வந்தது, வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு விதமாக. மதிலுக்கு உள்ளே அது குளிரூட்டிய அறையோடு வந்தது. மதிலுக்கு வெளியே வெறும் பெட்டியாக வந்தது. அந்தப் பெட்டியின் பின்புறத்தில் பின்னர் மாட்டப்பட்ட 80 மில்லிமீட்டர் ஃபேன், விஷயம் தெரிந்த பையன்களின் பொழுதுபோக்கு என்றே பேசப்படுகிறது. என் பார்வை வேறு. கணினியைக் குளிர்விக்கும் பொறுப்பு நிறுவனத்தின் தோளிலிருந்து வீட்டுக்காரரின் தோளுக்கு இறங்கிய வரலாற்றில் கடைசிப் படி அந்த ஃபேன். எங்கோ குளிர்ந்த ஊரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஓர் அளவுகோலுக்கு தக்காணம் செய்த திருத்தம் என்றும் அதைச் சொல்லலாம்.

முதலில் அறையின் காலத்தைப் பார்ப்போம். அணுசக்தித் துறையின் கீழ் 1967-ல் ஹைதராபாத்தில் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா தொடங்கப்பட்டது. அதை உருவாக்கிய ஏ.எஸ். ராவின் பெயரைத்தான் அருகிலுள்ள ஏ.எஸ். ராவ் நகர் தாங்கி நிற்கிறது. டிரான்சிஸ்டர்களால் ஆன டி.டி.சி.-12 என்ற 12 பிட் கணினி 1969-ல் வந்தது, டி.டி.சி.-312, டி.டி.சி.-316 ஆகியவை எழுபதுகளில் தொடர்ந்தன. அந்தக் காலத்துக் கணினி வாங்குவதென்றால் அறை கட்டுவதும் அதில் அடக்கம். சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல் வந்த ஐ.பி.எம். 370/155 போன்ற பெரிய இயந்திரங்களுக்கு, தரைக்கு மேல் இன்னொரு தரை போட்டு, அந்த இடைவெளியில் குளிர்காற்றைத் தள்ளி, அலமாரிகளின் அடியிலிருந்து மேலே ஏற விடுவது வழக்கம். ஏசி நின்றால் கணினியும் நிறுத்தப்படும். எத்தனை டன் ஏசி, அறையில் எத்தனை டிகிரி, எவ்வளவு ஈரப்பதம் என்பதெல்லாம் கணினி விற்பவரின் ஆவணத்திலேயே இருக்கும். வாங்கும் நிறுவனம் அதற்கும் சேர்த்துத்தான் பணம் ஒதுக்கும். பயன்படுத்தும் விஞ்ஞானி வெப்பத்தைப் பற்றி ஒரு நிமிடம் கூட யோசிக்கத் தேவையில்லை. அவர் அந்த அறைக்குள் நுழையாமல், துளையட்டைகளைச் சன்னலில் கொடுத்துவிட்டு மறுநாள் அச்சுத்தாளை வாங்கிப் போனவராகவே கூட இருந்திருக்கலாம்.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாகவே எழும். அந்த ஏசி வெப்பத்துக்காக மட்டுமா இருந்தது? இல்லைதான். துளையட்டை ஈரத்தில் உப்பினால் வாசிப்பானில் சிக்கிக்கொள்ளும். வட்டின் மேல் மயிரிழையைவிடக் குறைந்த இடைவெளியில் மிதக்கும் வாசிப்புத் தலையில் ஒரு தூசி மோதினால் வட்டே பாழாகும். காந்த உள்ளக நினைவகத்தின் குணம் வெப்பநிலையோடு மாறும். ஆகவே அந்த அறை வெப்பம், ஈரம், தூசி மூன்றையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கணினி அறைக்குள் போகும் நம் பள்ளி, கல்லூரிப் பழக்கம் அந்தக் காலத்தின் எச்சம்தான். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டுகிறது. மூன்று தொல்லைகளையும் ஒரே அறை தாங்கியது. அந்த அறை போனபோது மூன்றும் சேர்ந்தே பெட்டிக்குள் குடியேறின. வெப்பத்துக்கு ஃபேன் போட்டால் தூசி வருகிறது, தூசிக்கு வடிகட்டி போட்டால் காற்று குறைகிறது என்று பிற்காலத்தில் எல்லோரும் பட்ட அவதி, ஓர் அறை செய்த வேலையை ஒரு தகரப் பெட்டியிடம் கேட்டதால் வந்தது.

மேசைக்கணினி வந்தபோது இந்தச் சிக்கல் யார் கண்ணுக்கும் படவில்லை. 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் மின்வழங்கி மொத்தமே 63.5 வாட், ஒரு குண்டு பல்பின் அளவு. அந்த மின்வழங்கிக்குள் இருந்த ஒரே ஃபேன் முழுப் பெட்டிக்கும் போதுமானதாக இருந்தது. அதற்கு முந்தைய ஆப்பிள் 2-ல் அதுவும் இல்லை. கூடுதல் அட்டைகளைச் செருகியவர்கள் சூட்டில் தவித்ததால், கென்சிங்டன் நிறுவனம் பெட்டியின் பக்கவாட்டில் மாட்டும் ஃபேன் ஒன்றைத் தனியாக விற்றது. கூடுதல் ஃபேன் என்ற சரக்கின் வரலாறு ஏறக்குறைய அங்கே தொடங்குகிறது. ஃபேன் வேண்டாம் என்ற பிடிவாதத்தோடு 1980-ல் வந்த ஆப்பிள் 3 சூட்டினால் பெயர் கெட்டது. இந்தியாவில் 1984-ல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் தரப்பட்ட பி.பி.சி. மைக்ரோவிலும் ஃபேன் கிடையாது. ஆனாலும் அதற்காகப் பள்ளிகள் ஏசி அறை தேடின. இயந்திரம் சுருங்கிவிட்டது, அறையைப் பற்றிய எண்ணம் மட்டும் சுருங்கவில்லை. எண்பதுகளின் வங்கிகளும் அரசு அலுவலகங்களும் சாதாரண பி.சி.யைக் கூடக் கண்ணாடித் தடுப்புக்குள் ஏசியோடு வைத்ததைப் படாடோபம் என்று இன்று சிரிப்பது எளிது. அந்தப் பழக்கம் பெட்டிகளுக்கு நல்லதையே செய்தது.

அதை உடைத்தது சந்தை. 1984 நவம்பரில் வந்த புதிய கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியது. 1991-ன் தாராளமயம் கதவை இன்னும் திறந்தது. 1997-ல் இந்தியா சேர்ந்த தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தின்படி கணினி உதிரிகளின் சுங்க வரி படிப்படியாகக் குறைந்து 2005-ல் பூஜ்யமானது. சென்னைக்கு ரிச்சி தெரு போல, ஹைதராபாத்துக்கு செகந்திராபாத் பார்க் லேனில் உள்ள செனாய் டிரேட் சென்டர், சுருக்கமாக சி.டி.சி. மதர்போர்டு ஒரு கடை, ராம் ஒரு கடை, எஸ்.எம்.பி.எஸ். எனும் மின்வழங்கியோடு சேர்ந்த கேபினெட் ஒரு கடை என்று வாங்கிக் கோத்த 'அசெம்பிள்டு' கணினிகள் ஹப்சிகுடா, நாச்சாரம், ராமந்தாபூர் வீடுகளுக்குப் போயின. கம்பெனிக் கணினியைவிட விலை குறைவு, வேண்டியதைக் கேட்டு வாங்கலாம் என்பதெல்லாம் சரிதான். ஆனால் முழு இயந்திரத்துக்கும் பொறுப்பேற்கும் ஆள் என்று ஒருவர் அங்கே இல்லாமல் போனார். சிப் செய்தவர் சிப்புக்கு உத்தரவாதம் தந்தார், போர்டு செய்தவர் போர்டுக்குத் தந்தார். எல்லாம் ஒரே பெட்டிக்குள் சேர்ந்து எவ்வளவு கொதிக்கும் என்ற கேள்விக்கு உத்தரவாத அட்டை எதிலும் பதில் இல்லை. விலைதான் போட்டி என்றான பின் மலிவு கேபினெட்டில் முதலில் வெட்டப்பட்ட செலவு ஃபேன். பின்பலகையில் வட்டமாகத் துளையிட்ட இடமும் நான்கு திருகு ஓட்டைகளும் இருக்கும். ஃபேன் மட்டும் இருக்காது. மாட்டுவதும் மாட்டாததும் வாங்கியவர் பாடு.

இதே ஆண்டுகளில்தான் சிப்பின் சூடு ஏறியது. இன்டெலின் 386 சிப்புக்கு வெப்பத்தகடே தேவைப்படவில்லை. 1993-ன் முதல் பென்டியம் சுமார் 15 வாட்டைத் தொட்டு, தன் தலைமேல் சொந்தமாக ஒரு ஃபேன் கேட்டது. 2004-ல் வந்த பிரெஸ்காட் வகை பென்டியம் 4, 100 வாட்டைத் தாண்டியது; ஐ.பி.எம். பி.சி. முழுவதற்கும் போன மின்சாரத்தை ஒற்றைச் சிப் விழுங்கியது. சிப்பின் மேலிருக்கும் ஃபேன் சூட்டைச் சிப்பிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் கொட்டுமே தவிர, பெட்டியிலிருந்து வெளியே எடுக்காது. இதை உணர்ந்துதான் இன்டெல் 2003 வாக்கில் கேபினெட் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டியைக் கொடுத்தது. பக்கப் பலகையில் ஒரு குழாய் வைத்து வெளிக்காற்றை நேராகச் சிப்புக்குக் கொண்டுவர வேண்டும். சிப்பின் ஃபேனுக்குள் நுழையும் காற்று 38 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. அறையின் வெப்பம் 35 டிகிரி என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. ஹைதராபாத்தில் மே மாதத்தின் சராசரிப் பகல் உச்சமே 39 டிகிரியை ஒட்டி நிற்கும். 40-ஐத் தாண்டும் நாள்கள் சாதாரணம். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீட்டில், மாலை ஆறு மணிக்கும் கான்கிரீட் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும் அறையில், அளவுகோலின் அனுமானம் தொடக்கத்திலேயே தோற்றுவிடுகிறது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பெட்டிக்குள் உண்டாகும் வெப்பத்தைக் காற்றுதான் சுமந்துகொண்டு வெளியே போக வேண்டும். எவ்வளவு காற்று போகிறதோ அதற்குத் தலைகீழ் விகிதத்தில் உள்ளே வெப்பம் ஏறும். ஹைதராபாத் கடல்மட்டத்துக்கு 500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கோடையில் காற்றும் சூடு. இரண்டும் சேர்ந்து காற்றின் அடர்த்தியைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துவிடுகின்றன. அந்த மெலிந்த காற்றுக்கு வாட்டை நிமிடத்துக்கான கன அடியால் வகுத்து இரண்டால் பெருக்கினால், வெப்ப ஏற்றம் டிகிரியில் ஏறக்குறையக் கிடைக்கும். 200 வாட் எரிக்கும் கணினியிலிருந்து மின்வழங்கியின் ஃபேன் மட்டும் நிமிடத்துக்கு 20 கன அடி காற்றை இழுத்தால் ஏற்றம் 20 டிகிரி. அறை 40 என்றால் வெளியேறும் காற்று 60. மேசைக்கணினி ஹார்டு டிஸ்க்குகளுக்கு அவற்றைச் செய்தவர்கள் அச்சிட்டிருந்த உச்ச வரம்பும் பெரும்பாலும் 55 அல்லது 60 டிகிரிதான். இன்னொரு ஃபேன் சேர்ந்து காற்று 30 கன அடியானால் ஏற்றம் 13 ஆகக் குறையும். 40 ஆனால் 10. மூன்றாவது, நான்காவது ஃபேன்களால் வரும் லாபம் இதைவிடக் குறைந்துகொண்டே போகும். ஆகப் பெரிய பலன் முதல் கூடுதல் ஃபேனில்தான். 35 டிகிரி அறைக்கு வசதியாக இருந்த பெட்டியை 40 டிகிரி அறைக்கும் பொருந்தச் செய்ய அந்த ஒரு ஃபேன் போதும். அது ஆடம்பரமா தேவையா என்ற கேள்விக்கு என் முதல் சாட்சி இந்தக் கணக்கு.

மாட்டும் வேலை சின்னதுதான், ஆனால் நுணுக்கம் உண்டு. ஃபேனின் சட்டத்தில் இரண்டு அம்புக்குறிகள் இருக்கும்: ஒன்று இறக்கை சுழலும் திசை, மற்றது காற்று போகும் திசை. அம்பு இல்லாவிட்டால் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். பின்பலகையில் அந்தப் பக்கம் வெளியே பார்க்க வைத்து, பிளாஸ்டிக்கைத் தானே அரித்துக்கொண்டு இறங்கும் நான்கு தடித்த திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். நான்கு ஊசி மோலெக்ஸ் செருகியில் மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவே இரண்டு கறுப்பும் தரை. ராத்திரியில் சத்தம் தாங்கவில்லை என்றால் சிலர் ஃபேனின் கறுப்பு வயரைத் தரையிலிருந்து எடுத்துச் சிவப்பில் மாட்டி, 12-க்கும் 5-க்கும் இடைப்பட்ட 7 வோல்ட்டில் மெதுவாக ஓடவிடுவார்கள். திசையைத் தப்பாக மாட்டினால் மின்வழங்கியின் ஃபேனும் இதுவும் ஒன்றையொன்று எதிர்த்து, காற்று உள்ளேயே சுற்றும். 1995-ல் வந்த ஏ.டி.எக்ஸ். என்ற பெட்டி அமைப்பின் தொடக்க வடிவமே மின்வழங்கியின் ஃபேன் காற்றை உள்ளே ஊதிச் சிப்பைக் குளிர்விக்கட்டும் என்று சொன்னது. ஊதப்பட்டதோ மின்வழங்கியே சூடாக்கிய காற்று, ஆகையால் சில ஆண்டுகளில் அந்த யோசனை கைவிடப்பட்டு, வெளியே தள்ளுவதே முறையாயிற்று. வடிவமைத்தவர்களே திசையை மாற்றிக்கொண்ட விஷயத்தில் வீட்டுக்காரர் குழம்பியதைக் குறை சொல்ல முடியாது.

இது கடைக்காரர்களின் வியாபாரத் தந்திரம், இருநூறு ரூபாய்ச் சரக்கைத் தலையில் கட்டும் வழி என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. தந்திரம் நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். விளக்கு மின்னும் ஃபேன்களை ஆறு, ஏழு என்று மாட்டி விற்பதில் குளிரைவிடக் கவர்ச்சியே அதிகம். ஆனால் காசே செலவழிக்காத வீடுகளிலும் இதே தேவை வேறு வடிவில் வெளிப்பட்டது. பக்கப் பலகையைக் கழற்றிப் பெட்டியைத் திறந்து போட்டு, எதிரே டேபிள் ஃபேனை வைப்பது தென்னிந்தியா முழுவதும் கண்ட காட்சி. அதில் எந்தக் கடைக்காரருக்கும் லாபம் இல்லை. மூன்று பக்கமும் மரப்பலகையால் அடைத்த கணினி மேசையின் அலமாரிக்குள் பெட்டியைச் செருகி, மேலே துணி உறையையும் போர்த்திய வீடுகளில் அது இன்னும் அவசரமாயிற்று. விற்கும் ஆளே இல்லாத இடத்திலும் ஒரு பழக்கம் பரவினால், அதற்குக் காரணம் விளம்பரம் இல்லை, தேவை.

இதைவிடக் கனமான மறுப்பு ஆய்விலிருந்து வருகிறது. கூகுள் பொறியாளர்கள் 2007-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளின் பதிவுகளை அலசி, வெப்பத்துக்கும் பழுதுக்கும் பலரும் நினைத்த அளவு தொடர்பு இல்லை, மிகக் குளிர்ந்த வட்டுகளே அதிகம் கெட்டன என்று காட்டினார்கள். அப்படியானால் கூடுதல் ஃபேன் வீண்தானே? ஆய்வைக் கடைசிவரை படித்தால் பதில் அதிலேயே இருக்கிறது. அந்த வட்டுகள் பராமரிக்கப்பட்ட தரவு மையங்களில் ஓடியவை. பெரும்பாலானவை 45 டிகிரிக்குக் கீழே இருந்தவை. அதற்கு மேலே போன, மூன்று ஆண்டு கடந்த வட்டுகளில் பழுது கூடியதையும் அதே ஆய்வு பதிவு செய்கிறது. அதாவது அறை காக்கப்பட்ட இடத்தில் எடுத்த முடிவு அது. அறை காக்கப்படாத இடத்துக்கு அதை நீட்டுவது பிழை. மேலும் பெட்டிக்குள் வட்டு மட்டும் இல்லை. மதர்போர்டிலும் மின்வழங்கியிலும் உள்ள மின்பகு கபாசிடர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலின் பழைய விதி. 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தரம் குறைந்த மின்பகு திரவத்தால் உலகெங்கும் கபாசிடர்கள் உப்பி வெடித்தன. குறை திரவத்தில் இருந்தது. அதை விரைவில் வெளியே கொண்டுவந்ததில் வெப்பத்துக்குப் பங்கு உண்டு.

சிப்பே தன்னைக் காத்துக்கொள்கிறதே, பிறகு என்ன கவலை என்பாரும் உண்டு. பென்டியம் 4 முதல் சூடு மிஞ்சினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது, எரிந்துபோவதில்லை. உண்மைதான். ஆனால் வாங்கிய வேகத்தில் ஒரு பகுதி கோடைதோறும் சத்தமில்லாமல் திரும்பப் பெறப்படுகிறது என்பதும் அதே உண்மையின் மறுபக்கம். வீட்டுக்காரருக்கு அது வைரஸ் போலத் தோன்றும், விண்டோஸை அழித்துப் போடச் சொல்லும், புது ராம் வாங்க வைக்கும். தூசியைப் பற்றிய மறுப்புக்கு மட்டும் நான் பாதி இணங்குவேன். வெளியே தள்ளும் ஃபேனை மட்டும் கூட்டினால் பெட்டி எல்லா இடுக்கு வழியாகவும் காற்றை உறிஞ்சும், தூசியும் கூடவே வரும். முன்பக்கம் வடிகட்டியோடு உள்ளே இழுக்கும் ஃபேன் ஒன்றும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊதுகருவியால் சுத்தம் செய்வதும் அதற்கு விடை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: எத்தனை ஃபேன் போட்டாலும் பெட்டி அறையைவிடக் குளிராது. ஹைதராபாத்தின் வறண்ட கோடையில் வெட்டிவேர்த் தட்டி வைத்த ஏர் கூலர் அறையையே சில டிகிரி இறக்கும். அந்த அளவில் அது ஃபேனைவிட மேல். அதன் ஈரக்காற்றை நேராகப் பெட்டிமேல் விடாமல் இருந்தால் போதும்.

வரலாறு அங்கே நிற்கவில்லை. 2006-ல் வந்த கோர் 2 டுவோ 65 வாட்டுக்கு இறங்கியது, வீடுகள் மடிக்கணினிக்கு மாறின, மேசைக்கணினிச் சூடு சில ஆண்டுகள் பேச்சில் இல்லாமல் போனது. கிராபிக்ஸ் கார்டுகள் அதைத் திரும்பக் கொண்டுவந்தன. 2022-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 மட்டுமே 450 வாட். மறுபுறம், வீட்டுக் கணினி செய்த வேலை பெரிதும் தரவு மையங்களுக்குப் போய்விட்டது. அமேசான் வெப் சர்வீசஸ் 2022 நவம்பரில் ஹைதராபாத்தில் தன் மையங்களைத் திறந்தது. அங்கே வெப்பம் மறுபடி நிறுவனத்தின் பொறுப்பு, மறுபடி ஏசி, மறுபடி ஆவணத்தில் எழுதிய டிகிரி. நடுவில் முப்பது ஆண்டுகள் மட்டும் அந்தப் பொறுப்பு தெருவில் விடப்பட்டிருந்தது. அதை ஏற்றவர்கள் திருப்புளி எடுத்த சாதாரண வீட்டுக்காரர்களும் சி.டி.சி. கடைப் பையன்களும்.

2012-ல் வந்த கட்டாயப் பதிவு ஆணையின் கீழ் கணினிச் சாதனங்கள் பல இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட்டன. ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்பதை அந்த முத்திரை சொல்லும். மே மாத ஹப்சிகுடாவில் முழு வேகத்தில் ஓடுமா என்று சொல்லாது. கேபினெட்டையோ கோத்த கணினியையோ விற்பவர்கள், எத்தனை டிகிரி அறையில் எத்தனை வாட் சுமையோடு சோதித்தோம் என்று பெட்டியின் மேல் ஒரு வரி அச்சிட வேண்டும். அதுவரை வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பின்பலகையில் ஃபேன் இருக்கிறதா, ஓட்டை மட்டும்தானா? ஓட்டை மட்டும் என்றால், மற்ற எந்த மேம்பாட்டுக்கும் முன்னால் அந்த இருநூறு ரூபாயைச் செலவு செய்யுங்கள்.